பெட்டியும் மொழியும்: பரோடா ஊர்ப்புற நூலக அமைப்பின் வரலாறு

இந்திய நூலக வரலாற்றை எழுதியோர் பரோடா சமஸ்தானத்திற்குத் தனியிடம் தருவர். 1910ஆம் ஆண்டில் வில்லியம் ஆலன்சன் போர்டன் என்னும் நூலகர் அமெரிக்க நாட்டிலிருந்து வரவழைக்கப்பட்டார் என்பதும், அவர் வகுத்த திட்டத்தால் தலைநகர் முதல் சிற்றூர் வரை நூலகங்கள் தோன்றின என்பதும் பொதுவாகச் சொல்லப்படும் செய்திகள். இவை பிழையானவை அல்ல. ஆயின் முழுமையானவையும் அல்ல. நூலகத்திற்குரிய கட்டடமும் பணமும் எவ்வாறு அமைந்தன என்பதை இவற்றால் அறியலாம். அந்நூலகத்தில் எம்மொழி நூல்கள் இருந்தன, அவற்றை ஆக்கித் தந்தவர் யாவர் என்பனவற்றை அறிய இயலாது. பரோடாவின் ஊர்ப்புற நூலக அமைப்பை முதற்கண் ஒரு மொழி ஏற்பாடாகவே கொள்ள வேண்டும். குஜராத்தியில் நூல் ஆக்கும் முயற்சியும் அதனைச் சிற்றூருக்குக் கொண்டு சேர்க்கும் முயற்சியும் ஓர் அரசின் இரு கைகளாக இயங்கிய காலத்திலேதான் அது செழித்தது. இக்கருத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சமஸ்தானத்தின் மொழிநிலை

பரோடா ஒரே நிலப்பரப்பாக அமைந்த நாடன்று. பரோடா, கடி, நவசாரி, அம்ரேலி எனப் பிராந்தங்களாகப் பிரிந்து, இடையிடையே பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளும் பிற சமஸ்தானங்களும் புகுந்து கிடக்கச் சிதறியிருந்தது. 1911ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை ஏறத்தாழ 20 இலட்சம். ஆளும் குடும்பத்தின் மொழி மராத்தி. மக்களுள் மிகப் பெரும்பாலோரின் மொழி குஜராத்தி. மேல்நிலை நிருவாகத்தில் ஆங்கிலமும் வழங்கிற்று. எழுதப் படிக்கத் தெரிந்தோர் நூற்றுக்குப் பத்துப்பேர் அளவினர். பெண்களுள் இத்தொகை நூற்றுக்கு இருவர் என்ற அளவில் நின்றது.

1881இல் முழு ஆட்சியுரிமை பெற்ற மூன்றாம் சயாஜிராவ் கெய்க்வாட் நூல் வெளியீட்டில் தொடக்கத்திலிருந்தே ஈடுபாடு காட்டினார். பழைய குஜராத்திப் புலவர்களின் பாடல்களைத் தொகுத்த ‘பிராசீன் காவ்யமாலா’ என்னும் வரிசை, ஹர்கோவிந்ததாஸ் காண்டாவாலா முதலியோரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு அவர் ஆதரவில் வெளிவந்தது. நாடுகளின் வரலாறுகளை மராத்தியில் தரும் ‘ராஷ்டிரகதாமாலா’வும் அவ்வாறே தோன்றியது. 1890இல் நிறுவப்பெற்ற கலாபவனத்தில் திரிபுவன்தாஸ் கல்யாண்தாஸ் கஜ்ஜர் தொழிற்கல்வியைக் குஜராத்தி வாயிலாகக் கற்பிக்க முற்பட்டு, அதற்கெனக் கலைச்சொற்களையும் பாடநூல்களையும் ஆக்குவித்தார்.

இம்முயற்சிகள் யாவும் நூலகத் துறைக்கு முற்பட்டவை. இவற்றின் பயன் பெரிதும் கற்றோர் வட்டத்துள்ளேயே நின்றுவிட்டது. சிற்றூரில் இந்நூல்களைப் படிக்கத்தக்கவர் சிலரே. அச்சிலருக்கும் நூல் கிடைக்கும் வழி இல்லை. 1893இல் அம்ரேலி வட்டத்தில் சில ஊர்களில் கட்டாயத் தொடக்கக் கல்வி தொடங்கப்பெற்று, 1906இல் சமஸ்தானம் முழுமைக்கும் விரிக்கப்பட்டபோது நிலைமை மாறியது. பள்ளியில் நான்காண்டு படித்த சிறுவன் ஏரைப் பிடித்த பின்னர்ப் படிப்பை மறந்துவிடுவான் என்ற அச்சம் கல்வித் துறையினரிடம் இருந்தது. கற்ற எழுத்தைக் காக்கும் கருவியாகவே ஊர்ப்புற நூலகத்தை அவர்கள் கருதினர். ஆதலின் அந்நூலகத்திற்குரிய மொழி எது என்ற வினா அங்கே எழவே இல்லை. பள்ளியில் கற்ற மொழியே நூலகத்தின் மொழி.

மோதிபாய் அமீனின் வாசகசாலைகள்

போர்டன் வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1906இல், சரோதர்ப் பகுதியின் ஆசிரியர் மோதிபாய் நரசிங்கபாய் அமீன் தம் நண்பர்களையும் மாணவர்களையும் கொண்டு ‘மித்ர மண்டல்’ என்னும் பெயரில் ஊர்களில் வாசகசாலைகளை நிறுவத் தொடங்கினார். குஜராத்தி நாளிதழ்களும் கிழமை இதழ்களும் சில நூல்களும் ஒரு கோயில் திண்ணையிலோ தருமசாலையிலோ பள்ளியின் ஒரு மூலையிலோ வைக்கப்படும். படிக்கத் தெரிந்த ஒருவர் படிப்பார், மற்றையோர் கேட்பர். நூற்றுக்குப் பத்துப்பேரே எழுத்தறிந்த நாட்டில் வாசகசாலை என்பது பெரும்பாலும் கேட்கும் சாலையே ஆகும். நூலகப் பயன்பாட்டை வெளிக்கொண்டு சென்ற நூல்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கும் வழக்கம் இத்தகைய இடங்களுக்குப் பொருந்தாது.

இவ்வாசகசாலைகளின் தேவையை நிறைவு செய்யும் அளவிற்கு அக்காலக் குஜராத்தியில் மலிவான நூல்கள் இருந்தனவா என்பது இங்கு எண்ணத்தக்கது. 1848இல் அகமதாபாத்தில் தோன்றிய குஜராத் வெர்னாகுலர் சொசைட்டி தொடர்ந்து நூல்களை வெளியிட்டு வந்தது. 1907இல் பிட்சு அகண்டானந்தர் தொடங்கிய ‘சஸ்தும் சாகித்ய வர்த்தக் காரியாலயம்’ தன் பெயருக்கேற்ப மலிவு விலையில் சமய நூல்களையும் மொழிபெயர்ப்புகளையும் குஜராத்தியில் தந்தது. ‘சஸ்தும்’ என்பதற்கு மலிவானது என்பது பொருள். கட்டாயக் கல்வி, ஊர் வாசகசாலை, மலிவுப் பதிப்பு ஆகிய மூன்றும் ஓராண்டு இடைவெளிக்குள் தோன்றியிருப்பதைக் காணலாம். இம்மூன்றும் கலந்து திட்டமிடப்பட்டவை அல்ல. படிப்போர் தொகை பெருகும்போது அதனை உணரும் பலர் பல இடங்களில் ஒருங்கே செயற்படுவது இயல்பு.

அமீன் பின்னர் மைய நூலகத் துறையின் பணியில் சேர்ந்து ஊர்ப்புறப் பகுதியை நடத்தினார். ‘புஸ்தகாலய’ என்னும் குஜராத்தி மாத இதழ் அவர் முயற்சியால் வந்தது. ஊர் நூலகங்களுக்கு நூல்களையும் பிற பொருள்களையும் வாங்கித்தரும் கூட்டுறவுச் சங்கம் ஒன்றும் அவரால் உருவாயிற்று. ‘மோதி’ என்றால் முத்து. சரோதர் மக்கள் அவரைச் சரோதரின் முத்து என்றே இன்றும் குறிப்பிடுவர்.

போர்டன் திட்டமும் நூறு ரூபாய் விதியும்

போர்டன் பரோடாவில் இருந்தது 1910 முதல் 1913 வரை, மூன்றாண்டுகளே. அவர் நியூ ஹேவன் நகரில் நூலகராக இருந்தவர். அரண்மனையில் இருந்த ஏறத்தாழ 20,000 நூல்களைக் கொண்டு மைய நூலகத்தை அமைத்தார். 1911இல் நூலகர் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். கட்டரின் எழுத்துக் குறியீட்டையும் டூயியின் பதின்மக் குறியீட்டையும் இணைத்து ஒரு பகுப்பு முறையை வகுத்தார். 1912 முதல் 1919 வரை ‘லைப்ரரி மிஸெலனி’ என்னும் இதழ் ஆங்கிலம், குஜராத்தி, மராத்தி ஆகிய மூன்று மொழிகளிலும் வெளிவந்தது. இந்தியாவில் நூலகத் துறைக்கென்றே வெளிவந்த முதல் இதழாக இதனைக் கூறுவர். இதன் மும்மொழி அமைப்பே சமஸ்தானத்தின் மொழிநிலையைத் தெளிவாகக் காட்டும்.

ஊர்ப்புற நூலகத்திற்கு உயிர் தந்தது பகுப்பு முறையன்று. பண உதவி விதியே. ஓர் ஊரார் 25 ரூபாய் திரட்டித் தந்தால் 100 ரூபாய் மதிப்புள்ள தாய்மொழி நூல்களை அரசு தொடக்க உதவியாக வழங்கும். அதன்பின் ஆண்டுதோறும் ஊரார் திரட்டும் தொகைக்குச் சமமாகப் பிராந்தப் பஞ்சாயத்து ஒரு பங்கும் மைய நூலகத் துறை ஒரு பங்கும் தரும். இதன் உச்ச அளவு சிற்றூருக்கு 100 ரூபாய், பேரூருக்கு 300 ரூபாய், பிராந்தத் தலைநகருக்கு 700 ரூபாய். நூலகக் கட்டடத்திற்கும் இதே மூன்றில் ஒரு பங்கு முறை கையாளப்பட்டது. ஊரார் பணம் தரவில்லையேல் அரசும் தராது. ஆதலின் ஊரார் விரும்பாத நூலகம் தோன்ற வழியில்லை. ஊராருள் வசதியற்றோர் மிகுந்த இடங்களில், விரும்பினும் நூலகம் தோன்ற வழியில்லாது போயிற்று. சரோதர் போன்ற புகையிலை விளையும் வளமான பகுதிகளில் இவ்விதி எளிதில் பயன் தந்ததற்கும் மலையோரப் பகுதிகளில் தயங்கி நின்றதற்கும் இஃது ஒரு காரணமாகலாம். 1930களின் முடிவில் சமஸ்தானத்தின் ஊர்ப்புற நூலகங்களின் தொகை ஆயிரத்தைக் கடந்தது.

நூலகம் இல்லாத ஊர்களுக்கும் சிறு நூலகங்களுக்கும் ‘பர்தாம் புஸ்தகாலய’ என்னும் சுற்று நூலகம் 1911இல் தொடங்கியது. இது வண்டியன்று, பூட்டுடன் கூடிய மரப்பெட்டி. ஒவ்வொன்றிலும் 15 முதல் 30 நூல்கள் இருக்கும். பள்ளி ஆசிரியரோ ஊரில் பொறுப்பான ஒருவரோ கேட்டால் பெட்டி இரயில் வழியே அனுப்பப்படும். போக்குவரத்துச் செலவு முழுவதும் துறையினுடையது. மூன்று மாதம் வரை ஊரில் வைத்துக்கொள்ளலாம். பரோடாவைப் பற்றி எழுதுவோர் 1931இல் மாண்டவிப் பகுதியில் எழுந்த மைய நூலகக் கட்டடத்தின் எஃகு அடுக்குகளையும் கண்ணாடித் தளங்களையும் வியந்து எழுதத் தவறுவதில்லை. அம்மரப்பெட்டிக்கு ஒரு வரி கிடைப்பதே அரிது.

பெட்டியைக் கூர்ந்து நோக்கின் ஓர் உண்மை விளங்கும். 20 நூல்களைக் கொண்ட பெட்டியில் வேளாண்மை, உடல்நலம், வரலாறு, கதை, சமயம், சிறுவர் நூல் எனப் பல துறைகளும் இடம்பெற வேண்டும். ஆங்கிலப் பெட்டி கட்டுவது எளிது. மூவாயிரம் நூல்களிலிருந்து 20 எடுக்கலாம். குஜராத்திப் பெட்டியில் உடல்நலத்திற்கு ஒரு நல்ல நூலைத் தேட வேண்டியிருக்கும். அறிவியலில் சிறுவருக்கேற்ற நூல் இல்லாமலே போகலாம். பெட்டியின் வெற்றிடம் மொழியின் வெற்றிடத்தை நூலகருக்கு உணர்த்தியிருக்கும். அவ்விடத்தை நிரப்பும் பொறுப்பு நூலகத் துறைக்கு அப்பால், மொழிபெயர்ப்பாளரிடம் சென்றது.

மொழிபெயர்ப்புக் கிளை

1912ஆம் ஆண்டு குஜராத்தி சாகித்ய பரிஷத்தின் நான்காம் மாநாடு பரோடாவில் கூடிற்று. அதனையொட்டி நாட்டு மொழிகளில் நூல்களை ஆக்குவதற்கெனச் சயாஜிராவ் 2 இலட்சம் ரூபாயை ஒதுக்கினார். அம்முதலின் வட்டியிலிருந்து ‘ஸ்ரீ சயாஜி சாகித்யமாலா’ எனப் பொதுவாசகர்க்கு ஒரு வரிசையும், ‘ஸ்ரீ சயாஜி பாலஞானமாலா’ எனச் சிறுவர்க்கு ஒரு வரிசையும் வெளிவந்தன. குஜராத்தியிலும் மராத்தியிலும் நூல்கள் அமைந்தன. ஆங்கிலத்திலிருந்து பெயர்க்கப்பட்டவை பல. கல்வித் தலைவர் அலுவலகத்தில் ‘பாஷாந்தர சாகா’ எனப்படும் மொழிபெயர்ப்புக் கிளை இப்பணியை நடத்தியது.

இரு வரிசைகளின் பகுப்பே மொழிநடை பற்றிய ஒரு முடிவாகும். பாலஞானமாலா நூல்கள் சிறியவை, எளிய நடையின. சிறுவர்க்கென ஆக்கப்பட்ட இவ்வகை நூல் ஊர்ப்புற நூலகத்தில் முதியோர்க்கும் பயன்படும் என்பது சொல்லாமலே விளங்கும். நான்காண்டுப் பள்ளிப் படிப்பினோடு நின்றவருக்கு ஏற்ற குஜராத்தி நடை எது என்னும் வினாவை மொழிபெயர்ப்பாளர் நாள்தோறும் எதிர்கொண்டிருப்பர். சமஸ்கிருதச் சொற்கள் மிக்க நடை பண்டிதரிடையே ஓங்கியிருந்த காலம் அது. பார்சிகள் எழுதிய குஜராத்தி வேறொரு பக்கம் நின்றது. வட்டியின் வரவால் அச்சிடப்பட்டு, விற்பனையை நம்பாமல் நூலகங்களை நம்பிய ஒரு வரிசைக்கு, இரு திறத்தாரையும் சாராது ஊராரை நோக்கி எழுதும் வாய்ப்பிருந்தது. எல்லா நூல்களும் அவ்வாறு அமைந்தன என்று கூறுதல் மிகையாகும். மொழிபெயர்ப்புக்குரிய நூல்களைத் தெரிவு செய்தோர் அலுவலர்களே ஆதலின், அரசர் விரும்பிய துறைகள் மேலோங்கியதும் உண்டு. எனினும் மொழிபெயர்ப்பாளனுக்கு வாசகன் எங்கிருக்கிறான் என்பது தெரிந்திருந்த அரிய சூழல் அது.

இவ்வரலாற்றின் மற்றொரு கிளையாக 1931இல் வெளிவந்த ‘ஸ்ரீ சயாஜி சாசன சப்த கல்பதரு’வைக் கூறவேண்டும். ஆங்கில ஆட்சிச் சொற்களுக்குக் குஜராத்தி, மராத்தி, சமஸ்கிருதம், உருது, பாரசீகம், இந்தி, வங்காளம் ஆகியவற்றில் வழங்கும் சொற்களை ஒருங்கே தரும் அகராதி இது. ஒரு சமஸ்தானம் தன் அலுவலகத் தேவைக்காக எட்டு மொழிகளை ஒப்புநோக்கிய செயல், விடுதலைக்குப் பின் எழுந்த ஆட்சிமொழிச் சொல்லாக்க முயற்சிகளுக்கு மிகவும் முற்பட்டதாகும். ஊரார் படிக்கும் மொழியும் அலுவலகம் எழுதும் மொழியும் வெவ்வேறாகிவிடாமல் காக்கும் எண்ணம் இதில் தொழிற்பட்டதெனக் கருதலாம்.

பகுப்பு முறையில் தோன்றிய இடர்

நகர நூலகத்தில் நன்கு பயன்பட்ட மேலைநாட்டு முறை ஊர்ப்புறத்தில் எங்கே இடறியிருக்கும் என்பதும் மொழியியலார் கவனத்திற்குரியது. கட்டரின் ஆசிரியர் குறியீடு குடிப்பெயரின் முதலெழுத்தை உரோமன் எழுத்தில் கொள்வது. குஜராத்திப் பெயரில் தன் பெயர், தந்தை பெயர், குடிப்பெயர் என மூன்று உறுப்புகள் உண்டு. மோதிபாய் நரசிங்கபாய் அமீன் என்பவர் குறியீட்டில் அமீன் ஆவார். ஊராருக்கோ அவர் மோதிபாய். பழம்புலவர் பிரேமானந்தருக்கும் அகோவுக்கும் குடிப்பெயரைக் கொண்டு தேடும் வழக்கமே இல்லை. 50 நூல்களுள்ள ஊர் நூலகத்தில் இது பெரிய இடரன்று. நூல்கள் ஆயிரமாகப் பெருகும்போது நூல்தேடுவோன் தடுமாறுவான். இந்தியப் பெயர்களைப் பட்டியலில் எவ்வாறு பதிவது என்பதைச் சென்னையில் சீ. இரா. அரங்கநாதன் 1934இல் வெளியிட்ட பட்டியல் விதிநூலில் எடுத்துக்கொண்டார். குடிப்பெயர் இன்றி ஊர்ப்பெயரும் தந்தை பெயரும் முன்னெழுத்தாக நிற்கும் தமிழ்ப் பெயர்களை அறிந்த அவருக்கு இச்சிக்கல் முதலிலேயே புலனாகியிருக்க வேண்டும்.

சென்னை வழியும் பரோடா வழியும்

தமிழகத்தோடு ஒப்பிடுகையில் பரோடாவின் தனித்தன்மை மேலும் தெளிவாகும். சென்னை நூலகச் சங்கம் 1928இல் தோன்றியது. 1931இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டுவண்டியில் சுற்றும் நூலகம் இயங்கியது. 1948இல் நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டம், வீட்டுவரியோடு தண்டப்படும் நூலக வரியையும் அதனைப் பெற்று நடத்தும் நூலக ஆணைக்குழுக்களையும் ஏற்படுத்தியது. பரோடாவில் ஊரார் கொடுத்தால் நூலகம் உண்டு. சென்னையில் வரி செலுத்தும் எவருக்கும் நூலகம் உரிமை. அரங்கநாதன் வகுத்த இவ்வழியே நீதியானது என்பதில் ஐயமில்லை. பரோடா அமைப்பு ஓர் அரசரின் ஆர்வத்தை நம்பி நின்றது. சட்டத்தின் துணை அதற்கில்லை.

ஆயினும் சென்னைச் சட்டம் நூல்களை வாங்கிப் பரப்புவதோடு நின்றது. ஆக்குவதற்கு ஏற்பாடு செய்யவில்லை. தமிழில் பிறமொழி நூல்களை ஆக்கித் தரும் பணி, 1955இல் தோன்றிய தென்மொழிகள் புத்தக நிறுவனம், 1957இல் தோன்றிய நேஷனல் புக் டிரஸ்ட், சாகித்திய அகாதெமி முதலியவற்றிடமும் தனிப் பதிப்பாளரிடமும் விடப்பட்டது. ஊர்ப்புற நூலகத்தில் எத்துறை நூல் இல்லை என்னும் செய்தி மொழிபெயர்ப்பாளனுக்கு எட்டும் வழி இவ்வமைப்பில் இல்லை. நூலக ஆணை கிடைக்குமா என்னும் கவலையே பதிப்பாளர்க்கு எட்டியது. தமிழில் மொழிபெயர்ப்பு நூல் ஒன்றின் படிகள் எத்தனை அச்சாகும் என்பதை அவ்வாணை பெரிதும் முடிவு செய்த காலத்தை இவ்விதழின் வாசகருள் பலர் அறிவர். ஆக்குவோரும் வாங்குவோரும் ஒருவரையொருவர் அறியாத அந்நிலைக்கும், மொழிபெயர்ப்புக் கிளையும் பெட்டி அனுப்பும் பிரிவும் ஓர் ஆட்சியின்கீழ் இருந்த நிலைக்கும் உள்ள வேறுபாடு சிறிதன்று.

அவ்வேறுபாடு நீடிக்கவில்லை. 1939இல் சயாஜிராவும் மோதிபாய் அமீனும் மறைந்தனர். 1949இல் பரோடா பம்பாய் மாநிலத்துடன் இணைந்தபோது நூலகத் துறை பெரிய நிருவாகத்துள் ஒரு கூறாகக் கரைந்தது. 1960இல் குஜராத் தனி மாநிலமாயிற்று. பொது நூலகச் சட்டம் அங்கு நிறைவேறியது 2001இல்; அதிலும் நூலக வரி இடம்பெறவில்லை.

பெட்டி செல்லாத மொழிகள்

பரோடா அமைப்பின் குறையைச் சொல்லாது விடுவது முறையன்று. தாய்மொழி நூல்கள் என்று விதிகளில் வருமிடங்களில் குஜராத்தியும் மராத்தியுமே கருதப்பட்டன. உருதும் இந்தியும் ஓரளவு இடம்பெற்றன. நவசாரிப் பிராந்தத்தின் சோன்கட், வியாரா வட்டங்களில் வாழ்ந்த சௌதரி, காமித் முதலிய பழங்குடியினர்க்குக் குஜராத்தி பள்ளியில் கற்கும் மொழி, வீட்டு மொழியன்று. ஓகாமண்டலத்து வாகேர்கள் பேசியது கச்சி. இம்மொழிகளில் அச்சு நூல் அன்று மிக அரிது. ஆதலின் பெட்டியில் வைப்பதற்கு எதுவும் இல்லை என்று துறையினர் கூறியிருக்கலாம். ஆனால் குஜராத்தியிலும் இல்லாத நூல்களை ஆக்குவதற்கே 2 இலட்சம் ஒதுக்கப்பட்டது என்பதை நினைத்தால் அவ்விடை நிறைவு தருவதன்று. மைய நூலகத்தின் காட்சிக் கல்விக் கிளை மாயவிளக்குப் படங்களையும் திரைப்படங்களையும் ஊர்களில் காட்டியது. எழுத்தை வேண்டாத அக்கருவி, எழுத்தில்லா மொழிகளுக்கு இயல்பாக உதவியிருக்கக்கூடும். படத்தை விளக்குவோர் அம்மொழியில் பேசினால் போதும்.

அம்மொழிகளில் நூல் ஆக்கும் பணி அதே பரோடா நகரில் மிகப் பிந்தித் தொடங்கியது. 1996இல் அங்கு நிறுவப்பெற்ற பாஷா ஆய்வு வெளியீட்டு மையம் ‘டோல்’ என்னும் இதழைச் சௌதரி, குங்ணா, ராட்வி முதலிய மொழிகளில் வெளியிட்டது. அதற்குப் பெரிதும் பயன்பட்டது, பள்ளியின் வழியே அம்மக்களுள் படித்தோர் அறிந்திருந்த குஜராத்தி எழுத்து.